மனோராவும் டவரும் சேரும் இடம்

போன மே மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் திருச்சியிலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் சின்ன ஊர் எங்களுடையது. அப்பா 50 வருஷமாகக் கடலுக்குப் போகிறார், தம்பி 15 வருஷமாக. நானும் அந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தேன், ஆனால் வள்ளத்தில் ஏறி மீன் பிடிக்கப் போனது மொத்தமே இரண்டு தடவை, இரண்டும் கல்யாணத்துக்கு அப்புறம். அம்மா ஒரு தடவைகூடப் போனதில்லை. 40 வருஷம் கரையில் மீன் பிரித்து, கூடை தூக்கி, பேராவூரணி வரைக்கும் கொண்டுபோய் விற்றவர், விற்ற மீன் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்த்ததில்லை. எங்கள் பக்கம் பெண்கள் வள்ளம் ஏறுவது வழக்கம் இல்லை. யாரும் தடுத்ததாகச் சொல்ல முடியாது, யாரும் கூப்பிட்டதும் இல்லை.

இந்தத் தடவை என் மகள் கூப்பிட்டாள். எட்டு வயது. ராத்திரி சாப்பிடும்போது, "அம்மாச்சி, நாளைக்கு நாங்க எல்லாரும் போறோம்ல, நீங்களும் வாங்க" என்றாள். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, "வரட்டுமே, வள்ளத்துல எடமா இல்ல" என்றார். அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் படுக்கப் போகும் முன் பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தது இரண்டு பேருக்கானது இல்லை, ஆறு பேருக்கானது.

மே மாதம் போவதில் ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகு எல்லாவற்றையும் கட்டிப்போட்டிருப்பார்கள். எங்கள் வள்ளம் மாதிரி நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. அதனால் அந்த இரண்டு மாதம் கரைக்கடலில் இழுவை மடி வலை கிடையாது, எஞ்சின் இரைச்சல் கிடையாது, தண்ணீரும் கொஞ்சம் தெளிந்து கிடக்கும். "இந்த ரெண்டு மாசந்தான் கடல் மூச்சு விடும்" என்று அப்பா வருஷா வருஷம் சொல்வார். பத்து மணிக்கு மேல் சோளகக் காற்று கிளம்பி அலை எழும்பிவிடும் என்பது மட்டும்தான் தொந்தரவு. அதனால் விடியும் முன் கிளம்பி வெயில் ஏறுமுன் கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

நாலரை மணிக்கு இறங்கினோம். எங்கள் கரையில் மணல் குறைவு, சேறுதான். தண்ணீர் வற்றியிருந்ததால் வள்ளம் வெகுதூரம் தள்ளி நின்றது, அதுவரைக்கும் முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். தம்பி என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். பதினொரு வயது மகன் தானே நடப்பேன் என்று ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தான். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். சேற்று நடை அவருக்குப் பழகியது, தினமும் வள்ளம் வரும்போது மீன் எடுக்க இதே சேற்றில்தான் இறங்குவார். வள்ளத்தின் விளிம்பில் கையை வைத்ததும்தான் நின்றார். அப்பா மேலே இருந்து கை கொடுத்துத் தூக்கினார். பிள்ளைகள் இருவருக்கும் திருச்சியிலேயே லைஃப் ஜாக்கெட் வாங்கி வந்திருந்தேன். அம்மாவுக்கும் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாகத் தம்பியுடையதை வாங்கிக் கட்டிவிட்டேன், அவனுக்குப் பக்கத்து வள்ளத்திலிருந்து ஒன்று எடுத்தோம். இதில் மட்டும் யாரோடும் சமரசம் செய்துகொள்ள எனக்கு மனசு வராது.

முதலில் நண்டு வலை. முதல்நாள் சாயங்காலமே தம்பி தாழைக்கு மேல் விரித்துவிட்டு வந்திருந்தான். தாழை என்று நாங்கள் சொல்வது கடலுக்கடியில் வளரும் புல், கடற்புல் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். பாக் நீரிணையில் எங்கள் பக்கம் ஆழமே குறைவு, இரண்டு மூன்று கிலோமீட்டர் போனாலும் இரண்டு பாகம்தான் (ஒரு பாகம் ஆறடி) இருக்கும், வெயில் தரை வரைக்கும் இறங்கும், அதனால் புல் வயல்போல வளர்ந்து கிடக்கிறது. அந்தப் புல்லைத் தின்னத்தான் ஆவுளியா, அதாவது கடல்பசு, வரும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது, நாங்கள் வலை போடும் இடமும் அந்தப் பக்கம்தான். அப்பா தன் வாழ்நாளில் நான்கைந்து தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த தரிசனம் ஒரு பேராமை. வள்ளத்திலிருந்து இருபதடி தள்ளித் தலையை நீட்டி, 'ஹூஃப்' என்று ஒரு பெருமூச்சு விட்டு, எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. என் மகள் அரைமணி நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலையைத் தம்பி இழுக்க இழுக்க நானும் அம்மாவும் நண்டைப் பிரித்தோம். நீலக்கால் நண்டுதான் அதிகம். ஆண் நண்டின் நீலம் தண்ணீரிலிருந்து வந்த அந்த நிமிஷத்தில் இருப்பதுபோல் அப்புறம் ஒருபோதும் இருக்காது, கரைக்கு வருவதற்குள்ளேயே மங்கத் தொடங்கிவிடும். நான் சின்ன வயசிலிருந்து நண்டு பார்த்து வளர்ந்தவள், இந்த நீலத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். சினை நண்டு மூன்று இருந்தது, வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டை பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு. அப்பா வலையை அறுத்தாவது அதைக் காயமில்லாமல் எடுத்துத் தண்ணீரில் விடச் சொல்வார். விட்டோம். கரையில் எல்லோரும் விடுவதில்லை, அது எனக்கும் தெரியும், அதற்காகவே அப்பா இப்படிச் செய்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

நடுவில் ஓரா மீன் ஒன்று சிக்கியிருந்தது. அவசரத்தில் நண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்துவிட்டேன். ஓராவுக்கு முதுகில் 13 முள், அடியில் 7, வயிற்றுத் துடுப்பிலும் முள், எல்லாவற்றிலும் விஷம். ஆளைக் கொல்லாது, ஆனால் ஆட்டிவிடும். கட்டைவிரல் நுனியில் ஒரு குத்துதான், இரண்டு நிமிஷத்தில் வலி மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறிவிட்டது. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. மகன் பயந்துபோய் மாமா, மாமா என்று கத்துகிறான். அப்பா பதறவே இல்லை. "காப்பி பிளாஸ்க்க எடு" என்றார். மூடியில் கடுங்காப்பியை ஊற்றி, தன் விரலை ஒரு தடவை விட்டுச் சூடு பார்த்து, என் விரலை அதில் முக்கிப் பிடித்துக்கொண்டார். ஆறினால் கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினார். ஓரா விஷமும் கெளுத்தி விஷமும் சூட்டில் வீரியம் இழந்துவிடும், அதனால் தோல் வெந்துபோகாத அளவுக்குத் தாங்கக்கூடிய சூடான தண்ணீரில் அரைமணியாவது வைத்திருந்தால் வலி இறங்கும். எங்களிடம் இருந்த சூடான தண்ணீர் காப்பிதான். பிளாஸ்க் காலியாகும்போது வலி முழங்கையிலிருந்து விரலுக்கு இறங்கி வந்துவிட்டது. அந்த இருபத்தைந்து நிமிஷமும் அப்பா என் கையை விடவில்லை. எனக்கு 38 வயது. கடைசியாக அவர் என் கையை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

அப்புறம்தான் பாருக்குப் போனோம். நான் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

பார் என்றால் கடலடியில் இருக்கும் கெட்டித் தரை, பாறைத் திட்டு. சுற்றிலும் சேறும் தாழையும் கிடக்க, நடுவில் ஒரு வீட்டு மனை அளவுக்கு இந்தக் கெட்டித் தரை. அங்கே நத்தை, இறால், சின்னப் பூச்சி எல்லாம் ஒட்டிக்கிடக்கும், அதைத் தின்ன மீன் வரும். பத்தடி தள்ளி நங்கூரம் போட்டால் ஒன்றும் கிடைக்காது, சரியாகப் போட்டால் தூண்டில் நனைந்ததும் இழுக்கும். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். அப்படியானால் அந்த வீட்டு மனையை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையைப் பார்த்துத்தான். கரையில் இரண்டு பொருள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால் நாம் அந்தக் கோட்டின்மேல் இருக்கிறோம். வேறு பக்கம் இன்னும் இரண்டு பொருள், அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் நம் இடம். அப்பாவுக்கு அவருடைய அப்பா காட்டிக்கொடுத்தது. எழுதிவைத்தது எங்கேயும் இல்லை.

எங்கள் பாருக்கு ஒரு கோடு பள்ளிவாசல் மினாரும் அதற்கு முன்னால் நிற்கும் ஒற்றைப் பனையும். இன்னொரு கோடு மனோராவும் அதன் பின்னால் ஒரு தென்னந்தோப்பின் மூலையில் நின்ற உயரமான மரமும். மனோரா தெரியாதவர்களுக்கு: தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி 1814-15 வாக்கில் கட்டிய எட்டடுக்குக் கோபுரம், நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததன் நினைவாகக் கட்டியது. கரையில் போய்ப் பார்த்தால் ஒரு பழைய கட்டடம், அவ்வளவுதான். கடலிலிருந்து பார்க்க வேண்டும். காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும்போது, சுற்றியிருக்கும் பச்சைக்கு நடுவே அது ஒன்றுதான் கண்ணுக்குப் படும். எங்கள் ஆட்களுக்கு நெப்போலியனும் தெரியாது, வேறு யாரும் தெரியாது. 200 வருஷமாக மீன் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற கோபுரம் அது.

2018 நவம்பர் 15 ராத்திரியும் 16 விடியற்காலையும் கஜா புயல் வந்தது. எங்கள் பக்கம் அந்த ராத்திரியை அனுபவித்தவர்களிடம் கேட்டால் இன்றைக்கும் பேச்சு நின்றுவிடும். பட்டுக்கோட்டை, பேராவூரணி முழுக்கத் தென்னை சாய்ந்து கிடந்தது. அப்பாவுடைய வள்ளம் கரையிலிருந்து உள்ளே போய்க் கருவேலங்காட்டுக்குள் இரண்டாகப் பிளந்து கிடந்தது. வேறு வள்ளம் வாங்கி மறுபடியும் கடலில் இறக்கவே ஐந்து மாசம் ஆனது. இறங்கிப்போய்க் கரையைத் திரும்பிப் பார்த்தால், கரை அவருக்குத் தெரிந்த கரையாக இல்லை. தோப்பே இல்லை. மூலை மரம் எங்கே? மனோரா நிற்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் வெறும் வானம். "வீட்டு வாசல்ல நின்னு வீடு எதுன்னு தெரியாத மாதிரி இருந்துச்சு" என்று அன்றைக்கு வள்ளத்தில் வைத்துச் சொன்னார். ஏழெட்டு வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

பனை மட்டும் நின்றது. பனை அவ்வளவு லேசில் விழாது. அதனால் ஒரு கோடு மிச்சம். மினாரையும் பனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டின்மேலேயே வள்ளத்தைத் துடுப்பால் மெதுவாக நகர்த்தி, பத்தடிக்கு ஒரு தடவை நரம்பில், அதாவது தூண்டில் நூலில், ஈயக்குண்டைக் கட்டி இறக்கிப் பார்த்திருக்கிறார். சேற்றில் விழுந்தால் குண்டு சத்தமில்லாமல் அமுங்கும், தாழையில் விழுந்தால் மெத்தென்று இருக்கும், பாரில் விழுந்தால் நரம்பு வழியாக விரலுக்கு 'ணங்' என்று வரும். மூன்று நாள் தேடியிருக்கிறார். மூன்றாம் நாள் அந்த 'ணங்' வந்ததும் நங்கூரத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து மனோராவைப் பார்த்திருக்கிறார். தோப்பு விழுந்ததால், அதுவரைக்கும் மறைந்திருந்த ஒரு செல்போன் டவர், வெகுதூரத்தில் மெயின் ரோட்டுப் பக்கம் நிற்பது, மனோராவின் வலது தோளில் ஒரு விரல் தள்ளித் தெரிந்திருக்கிறது. அதுதான் அன்றிலிருந்து அடையாளம்.

தம்பியிடம் ஜிபிஎஸ் இருக்கிறது. மகனும் போனை எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டான். நல்லதுதான், நானும் குறித்துவைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆனால் அப்பா பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, ஆள்காட்டி விரலை மனோராவுக்கும் டவருக்கும் நடுவே வைக்கச் சொன்னார். "ஒரு வெரல் நடுவுல போவுதா? சரியா இருக்கு. ரெண்டு வெரல் போனா கரைப்பக்கம் வந்துட்டேன்னு அர்த்தம்." பையன் திரும்பத் திரும்பக் கையை நீட்டிப் பார்த்தான். தாத்தாவின் விரல் தடிமன், அவனுடையது ஒல்லி. அதை அப்பாவே கவனித்து, "உனக்கு ஒன்றர வெரல்" என்று திருத்தினார்.

நங்கூரம் பிடித்ததும் ஆளுக்கு ஒரு நரம்பு. எங்களுக்குத் தூண்டில் கம்பு கிடையாது, கட்டையில் சுற்றிய நரம்பு, நுனியில் ஈயம், இரண்டு தூண்டில் முள், பச்சை இறாலைக் கிள்ளிக் கோர்த்த இரை. நரம்பை ஆள்காட்டி விரலின்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாச் சேதியும் அந்த விரலுக்குத்தான் வரும். கிழங்கான் வந்தால் தட் தட் என்று கதவைத் தட்டுவதுபோல இரண்டு தட்டு. விளைமீன் நேராகக் கீழே இழுக்கும். பேத்தை வந்தால் ஒன்றுமே தெரியாது, நரம்பைத் தூக்கினால் முள்ளே காணாமல் போயிருக்கும், கத்தரிபோலக் கடித்துக்கொண்டு போய்விடும். என் மகளுக்கு முதல் ஐந்து நிமிஷத்தில் ஒரு கிழங்கான். அதன்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை.

அம்மா வெகுநேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். இரையை இரண்டு தடவை மீன் தின்றுவிட்டுப் போய்விட்டது. மூன்றாம் தடவை வெடுக்கென்று இழுத்தது, அம்மா இரண்டு கையாலும் நரம்பைச் சேர்த்துச் சேர்த்து இழுத்தார். உள்ளங்கை நீளத்தில் ஒரு கீச்சான். வெள்ளை உடம்பில் வளைந்த கறுப்புக் கோடு. முள்ளிலிருந்து எடுக்கக் கையில் பிடித்ததும் அது கத்தியது. கர்ர், கர்ர் என்று, சின்னதாக, கோபமாக. அம்மா கையை எடுக்காமல் அதை அப்படியே காதருகில் கொண்டுபோனார். "கத்துது பாரேன். இதுக்குத்தான் கீச்சான்னு பேரா?" என்றார். 40 வருஷத்தில் எத்தனை ஆயிரம் கீச்சானைக் கூறு கட்டி வைத்திருப்பார். எல்லாம் செத்த மீன். அதன் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறார். அப்பா நரம்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் தூண்டிலில் மீன் இழுத்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஒன்பதரைக்குள் கிழங்கான் 14, விளைமீன் 5, கீச்சான் 9, சின்னப் பாறை மீன் ஒன்று. விற்பதற்கு இது ஒன்றும் இல்லை, ஒரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தாராளம். பழைய சோற்றைக் கரைத்து, சின்ன வெங்காயமும் மாங்காய் ஊறுகாயும் வைத்து எல்லோரும் குடித்தோம். என் வலது கட்டைவிரல் மட்டும் இன்னும் வீங்கியே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அம்மா கரையைப் பார்த்தார். அதுவரைக்கும் அவர் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரைக் கடலிலிருந்து பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. நம்ம வீடு எது, கோயில் எது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். அப்பாவுக்குக் கரை என்றால் பனை, கோபுரம், டவர். அம்மாவுக்கு அப்படி இல்லை. எந்தத் தோப்பு யாருடையது, யார் வீட்டில் மாடி எடுக்கிறார்கள், யார் மரத்தை வெட்ட விலை பேசியிருக்கிறார்கள் எல்லாம் தெரியும். தெருத் தெருவாக மீன் விற்றவர் இல்லையா.

"அந்தத் தோப்புல மறுபடி கன்னு வச்சாங்களே, அதுவா அது?" என்று மனோராவுக்குப் பின்னால் காட்டினார்.

"அதான். பாத்தியா, டவர் இடுப்பு வரைக்கும் மட்டை வந்துருச்சு. இன்னும் மூணு நாலு வருஷம். அப்புறம் டவர் தெரியாது" என்றார் அப்பா. புயலுக்கப்புறம் நட்ட கன்றுகள், இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. தோப்புக்காரர் பட்ட நஷ்டம் எங்களுக்குத் தெரியும், அந்த மரங்கள் நன்றாக வளரட்டும் என்றுதான் அப்பாவும் நினைப்பார். ஆனால் அடையாளம் போய்விடும்.

அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மனோராவுக்கு எடது கைப்பக்கம் வெள்ளையா உருண்டையா தெரியுதே, அது என்னங்க?"

"எது?"

"ரேஷன் கடைக்குப் பக்கத்துல புதுசா தண்ணித் தொட்டி கட்டுறாங்கள்ல. போன மாசந்தான் சுண்ணாம்பு அடிச்சாங்க. அதுவாத்தான் இருக்கும். அது பொறம்போக்கு எடம், முன்னாடி யாரும் தென்ன வைக்க மாட்டாங்க."

அப்பா எழுந்து நின்றார். வள்ளம் ஆடியது. கையை நீட்டி விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். மனோராவுக்கும் தொட்டிக்கும் நடுவே மூன்று விரல். பேரனைக் கூப்பிட்டு அவனையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவனுக்கு நாலரை.

தம்பி நங்கூரத்தை எடுத்தான். காற்று கிளம்பியிருந்தது, வள்ளத்தின் பக்கத்தில் தண்ணீர் சளப் சளப் என்று அடிக்கத் தொடங்கிவிட்டது. கரை போகும் வரைக்கும் அம்மா அந்தத் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.